அனல் வியாழன்கள் அறியப்பட்ட வரலாறு

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் விண்மீன்களைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். பள்ளி, விடுதி, உதவித்தொகை, நிலம், கூலி ஆகியவை பற்றி எழுதுவதற்கே பக்கங்கள் போதாத நிலையில், ஐம்பது ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு கோளைப் பற்றிப் பேசுவது வீண் அலங்காரமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. இன்ன அறிவு இன்னார்க்கு உரியது என்று பங்கிட்டு வைத்தவர்களின் கணக்கை நாம் என்றும் ஏற்றுக்கொண்டதில்லை. வானத்தை மட்டும் அவர்கள் கணக்கில் விட்டுவிடுவது முறையாகாது. அன்றியும், இங்கே சொல்லப்போகும் வரலாறு, ஓர் ஒழுங்கை இயற்கையின் சட்டமென்று நம்பிய அறிஞர் பெருமக்கள் கைக்கெட்டிய உண்மையை நாற்பது ஆண்டுகள் காணாதிருந்த வரலாறாகும். ஆதலின் இளைஞர்கள் இதனைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

ஞாயிற்றுக் குடும்பத்தின் அமைப்பைப் பள்ளியில் பயின்றிருப்போம். ஞாயிற்றுக்கு அருகில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எனும் சிறிய, பாறையாலான கோள்கள். தொலைவில் வியாழன், சனி முதலிய பெருங்கோள்கள். இவற்றுள் வியாழன் தனி ஒருவனாய் நிற்பது. பூமியைப் போல் 318 மடங்கு நிறையுடையது. குறுக்களவில் 11 மடங்கு பெரியது. ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, உறைகுளிரில் உலவுவது. சிறியவை உள்ளே, பெரியவை வெளியே என்ற இவ்வமைப்புக்கு அறிவியலார் தக்கதொரு காரணமும் கூறினர். ஞாயிறு பிறந்தபோது அதனைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த ஒரு பெருந்தட்டு சுழன்றது. அதன் உட்பகுதியில் வெப்பம் மிகுதி. அங்கே நீர் பனிக்கட்டியாக உறைய இயலாது. வெளிப்பகுதியில் பனிக்கட்டி ஏராளம். அப்பனிக்கட்டி திரண்டு பெருங்கருவாகி, சுற்றியிருந்த நீரகத்தையும் ஹீலியத்தையும் ஈர்த்துக்கொண்டு வியாழன் போன்ற கோளாக வளரும். ஆகவே பெருங்கோள் பிறக்குமிடம் தொலைவே. அங்கேயே அது நிலைத்திருக்கும் என்றனர்.

காரணத்தின் முற்பாதியில் பிழையில்லை. பிழை பிற்பாதியில் இருந்தது. பிறந்த இடத்திலேயே நிலைத்திருக்கும் என்பதற்குச் சான்று யாது? நம் ஞாயிற்றுக் குடும்பம் அவ்வாறு இருக்கிறது என்பது ஒன்றே. ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு உலகத்து வீடுகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது போன்றது இது. ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலேயே இடம் குறிக்கப்பட்டுவிட்டது என்ற கூற்றை நாம் வேறு இடங்களில் கேட்டுப் பழகியவர்களாதலால், இப்பிழை நம் கண்ணில் எளிதில் படுகிறது போலும்.

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டா என்ற தேட்டம் பழமையானது. அதன் தொடக்கத்தில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பப்பட்ட வான் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் கேப்டன் ஜேக்கப் என்னும் ஆங்கிலேயர். ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் 70 என்று எண்ணிடப்பட்ட இரட்டை விண்மீனை அவர் கருத்துடன் ஆராய்ந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதையில், கணக்குக்கு அடங்காத ஒரு பிசகு தெரிந்தது. கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அதற்குக் காரணமாகலாம் என்று 1855இல் எழுதினார். பிற விண்மீனுக்குக் கோளுண்டு என்று அளவீட்டின் துணைகொண்டு கூறிய முதல் கூற்றுகளில் இது ஒன்று. கூற்று நிலைக்கவில்லை. 1890களில் அமெரிக்கர் ஒருவர் அதனைப் புதுப்பித்துரைக்க, அவர் கூறிய அமைப்பு வானில் நிலைத்திருக்கவே இயலாது என்பதை மௌல்டன் என்பார் 1899இல் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் எழுத்துப் பொறித்திருக்கின்றனர். பல டன் எடையுள்ள அக்கல்லை உருட்டிக் கொணர்ந்து நிறுத்திய தோள்கள் யாருடையவை என்ற கேள்வி, அதன் முன் நிற்கும்போது நமக்கு எழாமலிராது.

ஜேக்கப்புக்குப் பின் பிழைபட்டவர்கள் பலர். அவர்களுள் புகழ் பெற்றவர் அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் வான் டி காம்ப். ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனைப் பல்லாண்டுகள் படமெடுத்து, வியாழனையொத்த கோள் ஒன்று அதனைச் சுற்றுவதாக 1963இல் அறிவித்தார். பாடநூல்களிலும் அது ஏறியது. பத்தாண்டு கழித்து, 1973இல், வேறு தொலைநோக்கிகளின் படங்களை அளந்தவர்கள் அத்தகைய ஆட்டம் எதுவுமில்லை என்றனர். தொலைநோக்கியின் ஆடியைக் கழற்றிப் பொருத்திய காலத்தில் அங்கு எடுத்த படங்களில் எல்லா விண்மீன்களுமே ஒருங்கே இடம் பெயர்ந்து தோன்றியமை வெளிப்பட்டது. ஆடியதாகக் கருதப்பட்டது விண்மீன் அன்று, ஆடியது கருவி. அவ்விண்மீனுக்குப் பூமியினும் சிறிய நான்கு கோள்கள் உண்டென்று 2024, 2025ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டது. ஆனால் அவை வான் டி காம்ப் கூறியவை அல்ல.

இத்தகைய பிழைகளால் இத்துறைக்கே ஒரு கெட்ட பெயர் ஏற்பட்டிருந்தது. பிற விண்மீன்களின் கோள்களைத் தேடுகிறேன் என்று சொல்லும் ஆய்வாளரை மற்றவர்கள் ஏளனமாகப் பார்த்த காலமும் உண்டு.

இனி வழிமுறையைக் காண்போம். தந்தை குழந்தையின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்போம். குழந்தை பெரிய வட்டத்தில் பறக்கிறது. தந்தை நடுவில் அசையாமல் நிற்பதில்லை. அவரும் பின்னோக்கிச் சாய்ந்து ஒரு சிறு வட்டமிடுகிறார். கோளும் விண்மீனும் அவ்வாறே. கோள் சுற்றச் சுற்ற விண்மீனும் நம்மை நோக்கிச் சிறிது வரும், பின்பு விலகும். வரும்போது அதன் ஒளி நிறமாலையில் நீலப்பக்கம் சிறிது நகரும். விலகும்போது சிவப்புப்பக்கம் நகரும். நெருங்கிவரும் ரயிலின் ஊதல் சுருதி உயர்ந்தும், கடந்தபின் சுருதி தாழ்ந்தும் கேட்பதற்குரிய அதே காரணம்தான். கோளைக் காண வேண்டுவதில்லை. தந்தையின் தள்ளாட்டத்தைக் கொண்டே குழந்தையின் எடையையும் அது சுற்றும் காலத்தையும் கூறிவிடலாம். எனினும் அத்தள்ளாட்டம் மிகச் சிறியது. வியாழன் நம் ஞாயிற்றை ஆட்டும் வேகம் நொடிக்குச் சுமார் 12½ மீட்டர். அதாவது ஒரு நகரப் பேருந்தின் வேகம். பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு நெருப்புக் கோளம் பேருந்து வேகத்தில் வருகிறதா, போகிறதா என்று கூறவேண்டும். அதுவும் ஒரு சுற்று முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து கூறவேண்டும்.

இங்கேதான் ஆட்டோ ஸ்ட்ரூவ என்பாரை நாம் நினைவுகூர வேண்டும். இவர் 1897இல் கார்கோவ் நகரில், தலைமுறை தலைமுறையாக வானியலில் பெயர் பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற படையில் இருந்தமையால் 1920இல் நாடிழந்து துருக்கியில் அகதியாக வந்து விழுந்தார். மரம் வெட்டியும் நிவாரணச் சோறு உண்டும் நாள் கழித்தார். சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்ஸ் ஆய்வுக்கூடத்தார் இடமளித்தமையால் 1921இல் அமெரிக்கா சேர்ந்து, பின்பு அவ்வாய்வுக்கூடத்தின் தலைவராகவே உயர்ந்தார். உண்டும் உறங்கியும் வந்த இடம் ஒரே நாளில் பறிபோகும் என்பதை வாழ்ந்து அறிந்தவர் அவர்.

1952இல் ஸ்ட்ரூவ ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். இரண்டே பக்கங்கள் கொண்டது. அதில் அவர் எழுப்பிய வினா எளியது. பெருங்கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகில் இருக்கக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் எதுவுமில்லையே! பூமிக்கும் ஞாயிற்றுக்குமுள்ள தொலைவில் ஐம்பதில் ஒரு பங்குத் தொலைவில் அது இருப்பின், ஏறத்தாழ ஒரே நாளில் சுற்றிவரும். வியாழனளவு நிறையுடையதாயின் விண்மீனை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் ஆட்டும். பத்து மடங்கு நிறையாயின் இன்றுள்ள கருவிகளே அதனைக் கண்டுகொள்ளும். மேலும் அது விண்மீனின் குறுக்கே செல்ல நேர்ந்தால் ஒளி சிறிது மங்கும், அதனையும் அளக்கலாம். பிற்காலத்தில் வெற்றி கண்ட இரு வழிகளையும் அந்த இரண்டு பக்கங்களுக்குள் அவர் எழுதிவைத்துவிட்டார்.

யாரும் தேடவில்லை. அக்கட்டுரையை மறுத்து ஒருவரும் எழுதவில்லை. மறுப்பதற்குக்கூடத் தகுதியற்றதாக அது விடப்பட்டது. பெருந்தொலைநோக்கிகளில் ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்குச் சில இரவுகளே கிடைக்கும். அந்த இரவுகளை, இருக்க இயலாது என்று எல்லோரும் நம்பும் ஒன்றைத் தேடுவதற்கு எந்தக் குழுவும் வழங்கமாட்டாது. ஸ்ட்ரூவ 1963இல் மறைந்தார்.

1980ஆம் ஆண்டையொட்டிக் கனடா நாட்டினரான புரூஸ் கேம்பெல், கோர்டன் வாக்கர் ஆகிய இருவரும் ஒரு புதிய வழியைக் கையாண்டனர். விண்மீனின் ஒளியை ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கொடிய நச்சு வாயு நிரம்பிய குடுவை வழியே செலுத்தி, அவ்வாயு பதிக்கும் கோடுகளை அளவுகோலாகக் கொண்டு நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வரை துல்லியமாக அளந்தனர். தோலையும் எலும்பையும் அரிக்கும் வாயுவை இருட்டில், மலையுச்சியில் வைத்துக்கொண்டு பணி செய்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 21 விண்மீன்களை ஆராய்ந்தனர். வியாழன் போன்ற ஒன்றும் இல்லை என்ற முடிவை 1995இல் வெளியிட்டனர். செஃபியஸ் மண்டலத்தின் காமா விண்மீனில் 1988இல் ஓர் ஐயம் எழுப்பி, உறுதியின்மையால் 1992இல் தாங்களே பின்வாங்கினர். அங்கே கோள் உண்டு என்பது 2003இல் மெய்யாயிற்று! அதற்கு நெடுநாள் முன்னரே கேம்பெல், நிலையான பணி கிடைக்காமல் வானியலை விட்டே விலகிவிட்டார். வெற்றிக்கு அருகில் வந்து வயிற்றுப்பாட்டுக்காகத் திரும்பியவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

நேர்மைக்கு எடுத்துக்காட்டான ஒரு நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிடுவோம். துடிவிண்மீன் ஒன்றைச் சுற்றிக் கோள் கண்டதாக இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன் 1991இல் அறிவித்தார். உலகமே பாராட்டியது. பூமியின் சொந்த ஓட்டத்தைக் கணக்கில் சரிவரக் கழிக்காத பிழையால் விளைந்த மாயத்தோற்றம் அது என்பதைச் சில மாதங்களில் அவரே கண்டார். 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் கூடிய வானியலார் பேரவையின் முன் எழுந்து, தாம் பிழைபட்டதை விளக்கிக் கூறினார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். அதே பேரவையில் அலெக்சாண்டர் வோல்ஷ்சான் என்பார், மற்றொரு துடிவிண்மீனைச் சுற்றும் இரு கோள்களைப் பற்றி உரைத்தார். அது பிழையன்று. எனினும் துடிவிண்மீன் என்பது வெடித்து ஓய்ந்த விண்மீனின் எச்சம். ஞாயிறு போன்ற உயிர்ப்புள்ள விண்மீனுக்குக் கோள் இருப்பது இன்னும் அறியப்படவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் மயோர், அவருடைய ஆய்வு மாணவர் திதியே குவெலோ ஆகியோர் 1994இல் தேடலைத் தொடங்கினர். கருவியிடம் தென் பிரான்சில் உள்ள ஓத் ப்ரோவான்ஸ் ஆய்வுக்கூடம். தொலைநோக்கியின் ஆடி 1.93 மீட்டர், அக்காலத்துப் பெருங்கருவிகளோடு ஒப்பிடின் நடுத்தரமானது. எலோடி என்று பெயரிட்ட நிறமாலைமானி புதியது. 142 விண்மீன்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் ஒன்று பெகாசஸ் மண்டலத்து 51ஆம் எண் விண்மீன். நம் ஞாயிற்றையே ஒத்தது. அதனை அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அளக்கத் தொடங்கிய குவெலோ திடுக்கிட்டார். அதன் வேகம் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் மாறிக்கொண்டிருந்தது. கருவி பழுதாயிற்று என்று எண்ணினார். பிறகு தாம் எழுதிய கணிப்பொறிக் கட்டளைகளில் பிழை இருக்குமோ என்று அஞ்சினார். மயோர் அப்போது ஹவாய்த் தீவில் இருந்தார். இருபத்தெட்டு வயது நிரம்பிய மாணவர், ஆசிரியரிடம் கூறவும் தயங்கித் தனியே பல நாள்கள் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். பிழை கிடைக்கவில்லை. கிடைத்தது, 4.23 நாள்களுக்கொரு முறை சுற்றும் ஒரு கோள்.

வியாழனின் நிறையில் ஏறத்தாழப் பாதி. விண்மீனிலிருந்து தொலைவு 80 இலட்சம் கிலோமீட்டருக்கும் குறைவு. நம் ஞாயிற்றுக்கு மிக அருகிலுள்ள புதனே 5 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது எனில் இந்நெருக்கத்தை உணரலாம். வெப்பமோ ஆயிரம் பாகை செல்சியசு அளவினது. விண்மீனை அது ஆட்டும் வேகம் நொடிக்கு 56 மீட்டர்; நகரப் பேருந்தன்று, விரைவு ரயில்.

வான் டி காம்ப்பின் கதையை மறவாத அவர்கள் அவசரப்படவில்லை. விண்மீன் ஞாயிற்றொளியில் மறைந்து மீளும்வரை காத்திருந்தனர். 1995 ஜூலையில் விண்மீன் எந்த இரவில் எந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துவைத்துக்கொண்டு மலையேறினர். கணித்தபடியே இருந்தது. 1995 அக்டோபர் 6ஆம் நாள் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அறிவித்தனர்.

அறிவிப்பு அமெரிக்காவுக்கு எட்டியதும், ஜெஃப்ரி மார்சி, பால் பட்லர் எனும் இருவர் கலிபோர்னியாவின் லிக் ஆய்வுக்கூடத்தில் அதே விண்மீனை நான்கு இரவுகள் அளந்து மெய்யென்றனர். அவர்கள் நிலை இரக்கத்துக்குரியது. நச்சு வாயுவுக்குப் பதிலாக அயோடின் ஆவியைக் கொண்டு 1987 முதலே அளவுகளைக் குவித்துவந்தவர்கள் அவர்கள். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் கோளைத் தேடுகிறோம், என்ன அவசரம் என்று பதிவுகளில் பெரும்பகுதியைக் கணிக்காமல் வைத்திருந்தனர். கணிப்பொறி வசதியும் போதவில்லை. இரவல் பெற்ற கணிப்பொறிகளைக் கொண்டு விரைந்து ஆராய்ந்தபோது, சில நாள்களில் சுற்றிவரும் கோள்கள் பழைய பதிவுகளிலேயே ஒளிந்திருக்கக் கண்டனர். ஓராண்டுக்குள் இவ்வகையில் மேலும் சில வெளிப்பட்டன. கனடா நாட்டினருக்கு ஏன் அகப்படவில்லை என்றால், அனல் வியாழன் மிக அரிது. ஞாயிறு போன்ற விண்மீன்கள் நூறில் ஒன்றுக்கோ இருநூறில் ஒன்றுக்கோதான் உண்டு. இருபத்தொரு விண்மீன்களில் ஒன்றுகூட அமையாமற்போனது அவர்கள் குற்றமன்று.

ஐயுற்றவர்களும் இருந்தனர். கோளே இல்லை, விண்மீனின் மேற்பரப்புத்தான் விம்மித் தாழ்கிறது என்று டேவிட் கிரே 1997இல் எழுதினார். புதிய அளவுகள் தம் கருத்துக்கு இடந்தராமையால் 1998இல் அவரே அதனைக் கைவிட்டார். ஐயத்தை அடியோடு நீக்கியது 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. டேவிட் சார்போனோ என்ற ஆய்வு மாணவரும் அவருடைய வழிகாட்டியரும், பத்து சென்டிமீட்டர் அகலமேயுள்ள சிறு தொலைநோக்கி கொண்டு, எச்.டி. 209458 என்னும் விண்மீனின் ஒளி நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மிகுதியாக மங்கி, மூன்று மணி நேரத்தில் மீள்வதைக் கண்டனர். கிரெகரி ஹென்றி குழுவினரும் தனியே அதனைக் கண்டனர். கோள் குறுக்கே சென்ற நிழல் அது. ஸ்ட்ரூவ எழுதிய இரண்டாம் வழி. நிழலின் அளவிலிருந்து கோளின் பருமன் தெரிந்தது: வியாழனை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது, நிறையிலோ குறைந்தது, நீரில் இட்டால் மிதக்கும் அடர்த்தி. பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஹிப்பார்க்கஸ் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை எடுத்த பதிவுகளிலேயே அதே மங்கல் ஐந்து முறை பதிந்திருந்தது புலனாயிற்று. ஏட்டில் இருந்தது, எவரும் படிக்கவில்லை.

பெருங்கோள் நெருப்பருகே எப்படி வந்தது? அங்கே பிறந்திருக்க இயலாது என்ற பழைய வாதத்தை இன்றும் பலர் ஏற்கின்றனர். ஆகவே அது இடம் பெயர்ந்திருக்க வேண்டும். பிறப்புத் தட்டின் வாயு, கோளின் வேகத்தை உறிஞ்சி அதனை உள்நோக்கி நகர்த்தும் என்ற கணக்கை கோல்ட்ரைக், டிரெமெய்ன் ஆகியோர் 1980இலேயே போட்டிருந்தனர். அக்கணக்கின் வழியே 51ஆம் விண்மீனின் கோள் வந்திருக்கலாம் என்று லின் முதலியோர் 1996இல் காட்டினர். இரு பெருங்கோள்கள் நெருங்கி மோதலைத் தவிர்த்து ஒன்றையொன்று எறிந்துவிட, ஒன்று விண்மீனருகே நீள்வட்டத்தில் விழுந்து, பின் வட்டமாக அடங்கியிருக்கலாம் என்பது மற்றொரு கொள்கை. 2009இல், விண்மீன் தன்னைத்தானே சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும் அனல் வியாழன்கள் அறியப்பட்டன. அமைதியாக நகர்ந்து வந்தவை அவ்வாறு தலைகீழாக ஓடமாட்டா. ஆதலின் சிலவேனும் எறியப்பட்டவையே என்று நாமும் கருதுகிறோம். எவ்வழி எத்தனை என்ற வழக்கு முடியவில்லை.

விண்மீனின் ஈர்ப்பால் இக்கோள்கள் ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டி நிற்பவை. நிலவு நமக்குக் காட்டுவது போல. ஒரு பக்கம் முடிவற்ற பகல், மறு பக்கம் முடிவற்ற இரவு. இவற்றுள் வெப்பம் மிக்கது 2017இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-9பி. அதன் பகற்பக்க வெப்பம் சுமார் 4,300 பாகை செல்சியசு; பல விண்மீன்களின் மேற்பரப்பே அவ்வளவு சூடில்லை. அதன் வளிமண்டலத்தில் இரும்பும் டைட்டேனியமும் ஆவியாக, அதிலும் மின்னணு இழந்த அயனிகளாக இருப்பது 2018இல் அறியப்பட்டது. வேறொரு கோளில் பகற்பக்கம் ஆவியான இரும்பு இரவுப்பக்கம் சென்று மழையாகப் பொழியக்கூடும் என்று 2020இல் எழுதினர்.

எவ்வெப்பத்தில், எவ்வழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் மின்னணுவை இழக்கும் என்று கூறும் சமன்பாட்டுக்குச் சாகா சமன்பாடு என்று பெயர். 1920இல் அதனை அளித்தவர் மேகநாத சாகா. டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் 1893இல் பிறந்தவர். கல்கத்தாவில் பயின்றபோது விடுதியில் உயர்சாதி மாணவர்கள் தங்களோடு அவரை உண்ணவிடவில்லை. கலைமகள் பூசையில் நெருங்கவும் விடவில்லை. விடுதிகளில் தட்டை எடுத்துக்கொண்டு தனியே அமர்ந்த அனுபவம் நம் மூத்தோர் பலருக்கு உண்டாதலால் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தைப் படிக்கும் திறவுகோலை உலகுக்குத் தந்தவர், கல்விக் கடவுளின் பூசையில் நிற்கத் தகாதவர் எனப்பட்டவரே! கெல்ட்-9பி கோளில் இரும்பு அயனியாக இருக்குமா என்று கணிப்போர் இன்றும் அவருடைய சமன்பாட்டைத்தான் எடுக்கின்றனர்.

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார், அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியும் தாங்கள் அமைத்த நிறமாலைமானியும் கொண்டு, 3.2 நாள்களில் சுற்றும் ஓர் அனல் வியாழனை 2021இல் கண்டறிந்தனர். அதற்கு முன் 2019இல், மயோருக்கும் குவெலோவுக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அளிக்கப்பட்ட அதே ஆண்டில், பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனுக்குப் பெயரிடும் உரிமை வழங்கியது. இந்தியாவின் பங்குக்கு வந்த விண்மீனைச் சுற்றுவதும் ஓர் அனல் வியாழன்தான். அதன் ஆண்டு இரண்டு நாள்களும் சில மணிகளும். மாணவர்கள் அனுப்பிய பெயர்களிலிருந்து விண்மீனுக்கு விபா என்றும், கோளுக்குச் சந்தமசா என்றும் தேர்ந்தனர். விபா என்பது விபா சவுதுரியைக் குறிப்பது. மீசான் எனும் நுண்துகளின் சுவட்டை ஒளிப்படத் தகடுகளில் 1940களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்த வங்கப் பெண்மணி அவர். நல்ல தகடுகள் போர்க்காலத்தில் கிடைக்காமல் அவ்வாய்வு நின்றுபோயிற்று. அதே வழியில் சென்ற ஆங்கிலேயர் ஒருவருக்கு 1950இல் நோபல் பரிசு கிட்டியது. அம்மையார் 1991இல் பெரிதும் அறியப்படாமலே மறைந்தார்.

அனல் வியாழன்கள் அரிது என்றோம். முதலில் ஏன் அவையே அகப்பட்டன எனின், பெரியவை, அருகிலுள்ளவை, விரைந்து சுற்றுபவை. அகன்ற கண்ணுள்ள வலையிலும் சிக்குபவை. அறியப்பட்ட கோள்களின் தொகை 2022இல் ஐயாயிரத்தைக் கடந்தது. அவற்றுள் இவை சில நூறே. இவற்றில் சில அழிந்துகொண்டும் இருக்கின்றன. வாஸ்ப்-12பி என்பது விண்மீனை நோக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறது என்பது 2020ஆம் ஆண்டளவில் உறுதியாயிற்று. இன்னும் சுமார் முப்பது இலட்சம் ஆண்டுகளில் அது இராது.

முதற்கோளின் விண்மீனைக் காண விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. பூரட்டாதி என்று நம்மவர் வழங்கும் நாள்மீன் இரு விண்மீன்களைக் கொண்டது. உத்திரட்டாதியின் இரண்டோடு சேர்ந்து அவை வானில் ஒரு பெருஞ்சதுரம் அமைக்கும். ஐப்பசித் திங்களில் இரவு ஒன்பது மணியளவில் அச்சதுரம் தலைக்கு மேல் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். மழைமேகம் விடவில்லையெனில் மார்கழி முன்மாலையில் மேற்கே சரிந்திருக்கக் காணலாம். பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கும் ஏறத்தாழ நடுவில், சதுரத்துக்குச் சற்று வெளியே மேற்குப்புறமாக ஒரு மங்கிய புள்ளி உண்டு. அதுவே 51ஆம் விண்மீன். நிலவும் ஊர்விளக்கும் இல்லாத இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். தெருவிளக்கு மிகப் பிந்தி வந்த நம் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் இளமையில் அதனை அறியாமலே பலமுறை பார்த்திருப்பர். நம் சங்கம் தொடங்கிய நாள்முதல் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வியாழன் ஞாயிற்றை இரண்டு முறை சுற்றி மூன்றாம் சுற்றில் அடியெடுத்து வைத்திருக்கிறது; அந்த மங்கிய புள்ளியின் கோளோ, ஏறத்தாழ 2,158 முறை சுற்றி முடித்திருக்கிறது.